மின்னழுத்த எழுச்சிக் காப்புக் குறைக்கடத்திகள்

மின்னழுத்த எழுச்சிக் காப்புக் குறைக்கடத்திகள் என்பன, மின்வழியில் திடீரெனத் தோன்றி மறையும் மிகை மின்னழுத்தத்தைத் தம்வழியே திருப்பிவிட்டு, மின்னணுச் சுற்றுகளைக் காக்கும் உறுப்புகள் ஆகும். உலோக ஆக்சைடு வேரிஸ்டரும் எழுச்சி அடக்கும் டயோடும் இவற்றுள் மிகுதியாகப் பயன்படுபவை. இயல்பான மின்னழுத்தத்தில் இவை ஏறத்தாழ மின்காப்பிகளைப் போல் இருக்கும். குறிப்பிட்ட எல்லையை மின்னழுத்தம் கடந்தவுடன் இவற்றின் தடை பல்லாயிரம் மடங்கு குறைந்து, மின்னோட்டம் இவற்றின் வழியே பாயும்.

இவ்வெழுச்சிகள் மைக்ரோநொடிகளில் முடிந்துவிடுபவை. மணிக்கணக்கில் நீடிக்கும் 'ஹை வோல்ட்டேஜ்' வேறு, எழுச்சி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பல கருவிகள் வீணாகின்றன. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியில் இவ்விரண்டும் நேர்வதால், இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே தரப்படுகின்றன.

எழுச்சிகள் தோன்றும் விதம்

சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட இச்சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் மாலைநேர இடிமழை வழக்கம். மின்னல் கம்பியின்மேல் நேரடியாக விழவேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலும் நீண்ட மேல்நிலைக் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். தோட்டத்து வீடுகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் வெட்டவெளியில் நெடுந்தொலைவு செல்பவை.

இரண்டாவது காரணம் மோட்டார்கள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், சுருள் தன் ஆற்றலை மின்னழுத்தமாக வெளித்தள்ளும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறி மோட்டார்களும் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் இது நிகழ்கிறது. ஒவ்வொன்றும் சிறிதே என்றாலும், நாளொன்றுக்குப் பலமுறை நேரும்.

உலோக ஆக்சைடு வேரிஸ்டர்

சிலிக்கான் கார்பைடால் ஆன வேரிஸ்டர்கள் 1930களிலேயே புழக்கத்துக்கு வந்தன. இன்றைய துத்தநாக ஆக்சைடு வேரிஸ்டரின் பண்புகளை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை சப்பானின் மத்சுசித்தா நிறுவனத்தைச் சேர்ந்த மிச்சியோ மத்சுவோக்கா 1971இல் வெளியிட்டார்.

துத்தநாக ஆக்சைடுப் பொடியுடன் சிறிதளவு பிஸ்மத் முதலிய பிற ஆக்சைடுகளைச் சேர்த்து அழுத்திச் சூளையில் சுட்டால், நுண்ணிய பரல்கள் நெருங்கி அமைந்த பீங்கான் வில்லை கிடைக்கும். பரல்கள் நன்கு மின்கடத்துபவை. ஆனால் ஒரு பரலும் அடுத்த பரலும் தொடும் எல்லை, ஏறத்தாழ 3 வோல்ட் வரை மின்னோட்டத்தைத் தடுத்து, அதன்பின் வழிவிடும். ஆகவே வில்லையின் தடிமனைக் கூட்டினால் எல்லைகளின் எண்ணிக்கை கூடும். தாங்கும் மின்னழுத்தமும் கூடும். விட்டத்தைக் கூட்டினால் தாங்கும் மின்னோட்டம் கூடும். மின்கம்பங்களில் உள்ள இடிதாங்கிகளிலும் இதே பொருளே அடுக்கி வைக்கப்படுகிறது.

வீட்டுக் கருவிகளில் உருகிக்கு அருகே, காசு வடிவில் பெரும்பாலும் நீலநிறத்தில் இருப்பது இதுவே. அதன்மேல் 14டி471கே என்று அச்சிட்டிருந்தால், 14 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 471 என்பது 47ஐ அடுத்து ஒரு சுழி, அதாவது 470 வோல்ட். ஒரு மில்லிஆம்பியர் பாயும்போதுள்ள மின்னழுத்தம் இது. கே என்பது 10 விழுக்காடு ஏற்றத்தாழ்வைக் குறிக்கும். இவ்வகை வில்லை 300 வோல்ட் மாறுமின்னழுத்தத்தைத் தொடர்ந்து தாங்கும். ஏறத்தாழ 20 மைக்ரோநொடியே நீடிக்கும் எழுச்சியில் ஆயிரக்கணக்கான ஆம்பியரையும் ஒருமுறை தாங்கவல்லது. ஆனால் தொடர்ந்து வெளிவிடக்கூடிய வெப்பமோ ஒரு வாட்டுக்கும் குறைவு.

நியூட்ரல் அறுந்தால்

மேற்கூறிய கடைசி எண்ணே முதன்மையானது. ஊர் மின்மாற்றியிலிருந்து வரும் மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால், குறைவான சுமையுள்ள பேசில் இருக்கும் வீடுகளில் 230 வோல்ட் 400 வோல்ட்டை நெருங்கும். அதன் உச்ச மதிப்பு 560 வோல்ட்டுக்கு மேல். இப்போது வேரிஸ்டர் நொடிக்கு நூறு முறை கடத்தி, தன் எல்லையைப்போல் பல மடங்கு வெப்பத்தை ஏற்கிறது. சூடேற ஏறக் கடத்தல் இன்னும் கூடுவதால், சிறிது நேரத்தில் வெடித்துக் கருகும். அதற்குமுன் பொருத்தமான உருகி இருந்தால் அது எரிந்து மின்னைத் துண்டிக்கும். இல்லையேல் தீப்பற்றவும் கூடும். 'ஸ்பைக் பஸ்டர்' எனப்படும் மலிவான பலகைகளுள் சில, உருகியின்றி வேரிஸ்டரை மட்டும் கொண்டவை. நீடிக்கும் மிகை மின்னழுத்தத்துக்குத் தேவையானது மின்னைத் துண்டிக்கும் ரிலே, வேரிஸ்டர் அன்று.

பழுதுபார்ப்பவர்கள் கருகிய வில்லையை வெட்டியெறிந்து உருகியை மட்டும் மாற்றித் தருவதுண்டு. கருவி முன்போலவே இயங்கும் என்பதால் உரிமையாளருக்கு ஐயம் எழுவதில்லை. அடுத்த இடிமழையில் மின்வழங்கிப் பலகையே போகும். சில ரூபாய்ப் பொருளைத் திரும்பப் பொருத்தச் சொல்வது நன்று.

நிலத்திணைப்பும் கவனிக்கத்தக்கது. கோடையில் மண் உலர்ந்துவிட்டால் நிலத்தின் தடை ஏறும். அப்போது கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே பொருத்திய வேரிஸ்டரால் பயன் குறைவு. எர்த் குழிக்குக் கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றும் பழைய வழக்கத்தின் பொருள் இதுவே.

எழுச்சி அடக்கும் டயோடு

இது பெரிய பரப்புள்ள சிலிக்கான் பி-என் சந்தி. பின்னோக்கு மின்னழுத்தம் எல்லையைத் தாண்டினால் சரிவு முறிவு ஏற்பட்டு, நானோநொடிக்கும் குறைவான நேரத்தில் கடத்தத் தொடங்கும். சுருக்கமாக டிவிஎஸ் டயோடு எனப்படும். தமிழகத்தில் நன்கறிந்த அப்பெயருள்ள நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேரிஸ்டரை விடத் துல்லியமானது, ஆனால் தாங்கும் ஆற்றல் குறைவு. தரவுக் கம்பிகள், 5 அல்லது 24 வோல்ட் சுற்றுகள் ஆகியவற்றுக்கு ஏற்றது.

நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளின் லாரிகளிலும் ரிக் வண்டிகளிலும் இது இன்றியமையாதது. எஞ்சின் ஓடும்போது மின்கலத்தின் இணைப்பு கழன்றால், ஆல்ட்டர்னேட்டரின் மின்னோட்டம் போக்கிடமின்றி, 24 வோல்ட் அமைப்பில் 150 முதல் 200 வோல்ட் வரை எழும். இது 100 முதல் 350 மில்லிநொடி நீடிக்கக்கூடும்; மின்னலைவிடப் பல்லாயிரம் மடங்கு நீண்டது. எனவே இதற்கெனத் தனியே பெரிய டயோடுகள் செய்யப்படுகின்றன. ஆல்ட்டர்னேட்டர் வேலைசெய்கிறதா என்றறிய, ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது பட்டறைகளின் பழைய முறை. பம்பும் இன்ஜெக்டரும் முற்றிலும் இயந்திரமுறையில் இயங்கிய காலத்தில் அதனால் பெருங்கேடில்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான டீசல் வண்டிகளில் அதே செயல், எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியையே பழுதாக்கக்கூடும். மல்ட்டிமீட்டரை மின்கல முனைகளில் வைத்து, ஓட்டத்தின்போது 27 அல்லது 28 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.