உப்பும் அயனியாக்கும் ஆற்றலும்

முத்துக்குளித்தலால் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் இன்று உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம் ஆகிய இரு கருத்துகளின் வரலாற்றிலும் உப்புக்குத் தனி இடம் உண்டு.

உப்பில் உள்ள தனிமங்கள்

1774இல் ஷீலே குளோரின் வளியைத் தயாரித்தார். 1807இல் ஹம்ப்ரி டேவி, உருகிய எரிசோடாவில் மின்சாரம் செலுத்திச் சோடியத்தைப் பிரித்தார். குளோரின் ஒரு தனிமமே என்று 1810இல் அவரே நிறுவினார். இவை இணைவதற்கான காரணம், 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகே விளங்கத் தொடங்கியது.

வளிநிலையில் தனித்த அணு ஒன்றிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படுவது அயனியாக்கும் ஆற்றல். அத்தகைய அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல் எலக்ட்ரான் நாட்டம் எனப்படுகிறது.

அட்டவணையில் போக்கு

மூன்றாம் வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அணுக்கருவின் ஈர்ப்பு கூடுவதால், மோலுக்கு அயனியாக்கும் ஆற்றல் சோடியத்தில் 496 கிலோஜூலிலிருந்து குளோரினில் 1251 கிலோஜூலாக உயர்கிறது. இடையே விலக்குகளும் உண்டு: மெக்னீசியம் 738, அலுமினியம் 578. தொகுதியில் கீழிறங்கினால் வெளிக்கூடு அணுக்கருவை விட்டு விலகுவதால் மதிப்பு குறையும்; பொட்டாசியத்துக்கு 419 மட்டுமே. எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் 349 கிலோஜூலுடன் முதலிடம் பெறுகிறது. சிறிய அணுவான புளோரினில் எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்து ஒன்றையொன்று விலக்குவதால் அதன் மதிப்பு 328தான்.

1919: போர்ன்–ஹேபர் சுழற்சி

எலக்ட்ரான் நாட்டத்தை நேரடியாக அளப்பது அக்காலத்தில் கடினம். 1919இல் மாக்ஸ் போர்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் உப்புப் படிகத்தையே கணக்குப் புத்தகமாக்கினர். இன்றைய மதிப்புகளில், சோடியத்தை ஆவியாக்க 108, அரை மோல் குளோரின் மூலக்கூறுகளைப் பிரிக்க 121, சோடியத்தை அயனியாக்க 496 கிலோஜூல் செலவு. உப்பு உருவாகும்போது வெளிப்படும் 411ஐயும் கூட்டினால் 1136. இதில் படிகக்கூடு ஆற்றலான 787ஐக் கழித்தால் கிடைக்கும் 349தான் குளோரினின் எலக்ட்ரான் நாட்டம்.

சோடியம் எலக்ட்ரானைத் தானாகவே கொடுத்துவிடுகிறது என்ற பரவலான எண்ணம் தவறென்பதை இக்கணக்கு காட்டுகிறது. 496 செலவிட்டு 349 பெற்றால் 147 கிலோஜூல் நட்டமே. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஆற்றல்தான் அந்த நட்டத்தை ஈடுசெய்கிறது.

இந்தியாவில்

1920இல் மேகநாத் சாகா, அயனியாக்கும் ஆற்றலைக் கொண்டு, எந்த வெப்பநிலையில் அணுக்களில் எவ்வளவு பங்கு அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை வகுத்தார். விண்மீன்களின் நிறமாலையைப் புரிந்துகொள்ள அது வழிவகுத்தது.

தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் எரிசோடா ஆலை தொடங்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தி, குளோரைடு அயனிகளிடமிருந்து எலக்ட்ரான்களை மீட்டுக் குளோரின் பெறப்படுகிறது. வெயிலில் தானே விளையும் உப்பிலிருந்து குளோரினைத் திரும்பப் பெற, மின்சாரத்தைச் செலவிட்டே ஆகவேண்டும்.