விசிலும் பார்வையாளர் வரிசையும்: அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்தில் நடுவர்

கூடைப்பந்து 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பிறந்தது. அதை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் இரண்டு, நடுவர்களின் வேலையைச் சொல்பவை. ஒருவர் ஆட்டக்காரர்களின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். இன்னொருவர் பந்தைக் கவனிக்க வேண்டும். பார்வையாளரைப் பற்றி அந்த விதிகளில் ஒரு சொல்லும் இல்லை. பனிக்காலத்தில் கூரைக்குக் கீழே மாணவர்கள் ஓடியாட ஒரு வழி வேண்டும் என்பதே அன்றைய தேவை. வேடிக்கை பார்க்க வருவோரை நினைத்து விதி எழுத அப்போது காரணம் ஏதும் இருக்கவில்லை.

அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அந்நாளைய உடற்பயிற்சிக் கூடங்களில் சுவரை ஒட்டி மாடம் ஒன்று ஓடும். கூடைகள் அதன் விளிம்பில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. மாடத்தில் நின்றவர்கள் கையை நீட்டி எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டார்கள்; தங்கள் அணியின் பந்தைக் கூடைக்குள் தள்ளிவிட்டார்கள். இதைத் தடுக்க 1890களின் நடுவில் கூடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு வைக்கப்பட்டது. பந்தை மோதவிட்டுக் கூடையில் விழச் செய்வதற்கு இன்று ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் பலகை அதுதான். ஆட்டத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட அந்தப் பலகை, பார்வையாளரின் கைக்குப் போடப்பட்ட தடையாகவே தொடங்கியது. எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்தை முதலில் தொட்டவரே உள்ளே எறியலாம் என்று தொடக்க விதி இருந்ததால், ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து பந்துக்காக மல்லுக்கட்டினர். சில ஊர்களில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பி வலையே கட்டினார்கள். பலகையையும் வலையையும் கொண்டு கையைத் தடுக்க முடிந்தது. வாயைத் தடுப்பதற்கு அப்படி ஒரு பொருள் கிடைக்கவில்லை.

ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் வழியாக ஆட்டம் மிக வேகமாகப் பரவியது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் இந்தப் பரவலின் ஒரு கிளைதான். அமெரிக்காவுக்குள் இந்த ஆட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் வேரூன்றியது. பள்ளிகள் தங்களுக்குள் ஆடத் தொடங்கிய காலத்தில் நடுவரை ஏற்பாடு செய்வது போட்டியை நடத்தும் பள்ளியின் வேலை. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில வேளைகளில் அதே பள்ளியின் ஆசிரியர். வந்த அணி தோற்றால் நடுவரின் நேர்மை மீது பழி விழும். சொந்த அணி தோற்றால் மறுநாள் கடைத்தெருவில் அவர் முகம் கொடுக்க முடியாது. கூட்டத்தின் வசை அவர் மீது பாய்ந்ததற்கு, அவர் யாருக்கும் பொதுவானவர் என்று எவரும் நம்பாததும் ஒரு காரணம்.

மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் இந்த நிலையை மாற்றின. விஸ்கான்சினில் 1896-லும், இல்லினாயில் 1900-லும், இண்டியானாவில் 1903-லும் அவை தோன்றின. 1920-இல் மத்திய மேற்கு மாநிலங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அதுவே பின்னர் நாடு முழுவதற்குமான மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பாக வளர்ந்தது. நடுவர்களைப் பதிவு செய்வது, விதித் தேர்வு வைப்பது, புகார்களை விசாரிப்பது ஆகிய வேலைகள் படிப்படியாகச் சங்கங்களிடம் சென்றன. நடுவர் ஊரின் ஆளாக இருந்த நிலை மாறி, சங்கத்தின் ஆளானார். கூட்டத்துக்கும் அவருக்கும் இடையே நிறுவனம் ஒன்று வந்து நின்றது இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம். பின்னால் வந்த ஒழுங்குகள் எல்லாம் இதன் மேல்தான் கட்டப்பட்டன.

பள்ளிக் கூடைப்பந்தை ஊரே தலைமேல் வைத்துக் கொண்டாடியதற்கு இண்டியானா மாநிலத்தைப் போல் இன்னொரு சான்று கிடையாது. அங்கே மாநிலப் போட்டி 1911-இல் தொடங்கியது. பள்ளி பெரியதா சிறியதா என்று பாராமல் எல்லா அணிகளும் ஒரே கோப்பைக்காக மோதின. 1954-இல் 161 மாணவர்களே படித்த மிலன் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்னும் பெரிய பள்ளியை 32-30 என்ற கணக்கில் வென்று கோப்பையைத் தூக்கியது. இறுதி நொடிகளில் எறிந்த ஒரே பந்து அந்த வெற்றியைத் தந்தது. நியூகாசல் என்ற சிறு நகரம் 1959-இல் தன் பள்ளிக்காகத் திறந்த அரங்கில் அப்போது 9,000 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. விவசாய ஊர்களின் நீண்ட பனிக்கால இரவுகளில் பள்ளி அரங்கைத் தவிரக் கூடுவதற்கு வேறு இடம் இல்லை. மளிகைக்காரர், பாதிரியார், முடிதிருத்துபவர் எல்லாரும் ஆளுக்கொரு இருக்கையை ஆண்டுதோறும் பிடித்துவைத்திருந்தார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் ஊரின் மானமாக மாறியபோது, விசிலை ஊதியவரின் ஒவ்வொரு முடிவும் அந்த மானத்தை உரசியது. அந்த ஈடுபாட்டைக் குறைசொல்ல முடியாது. அதன் விலையைப் பெரும்பாலும் நடுவர் ஒருவரே கொடுத்தார் என்பதையும் மறைக்க முடியாது.

பார்வையாளரின் நடத்தைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பள்ளிக் கூடைப்பந்தின் விதிநூல் தெளிவாகவே பதில் சொல்கிறது. இயன்ற அளவுக்குக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு போட்டியை நடத்தும் நிர்வாகத்துடையது. ஆதரவாளர்கள் ஆட்டத்துக்கு இடையூறு செய்தால் அவர்களின் அணிமீது நடுவர் ஃபவுல் விதிக்கலாம். ஆனால், தவறு செய்யாத பிள்ளைகள் அநியாயமாகத் தண்டிக்கப்படக்கூடும் என்பதால் அதை மிகுந்த நிதானத்தோடு செய்ய வேண்டும் என்று அதே விதி எச்சரிக்கிறது. இது நியாயமான எச்சரிக்கை. மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசியதற்காக எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தால், கண்ணீரோடு வீட்டுக்குப் போவது ஒரு மாணவன். வசை பாடியவருக்கு அதில் எந்த இழப்பும் இல்லை. மேலும் கத்துவதற்குப் புதுக் காரணம்தான் கிடைக்கும்.

இந்த விதியைச் சுற்றி நடைமுறை ஒன்று உருவாகியிருக்கிறது. கூடைப்பந்தில் நடுவரின் அதிகாரம் ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு தொடங்கி, அவர் ஆடுகளத்தின் பார்வையை விட்டு விலகும்வரை நீடிக்கும். அரங்குக்கு வந்ததும் போட்டி நிர்வாகி யார், அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்வது முதல் வேலை. அந்த நிர்வாகி பெரும்பாலும் பள்ளியின் விளையாட்டு இயக்குநராகவோ துணை முதல்வராகவோ இருப்பார். முடிவைக் குறைகூறும் கூச்சலுக்கு நடுவர் காதுகொடுப்பதில்லை. ‘கண் தெரியவில்லையா’ என்ற ஏச்சு டிக்கெட்டோடு சேர்ந்தே வருகிறது என்று மூத்த நடுவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இனத்தையோ உடலையோ இழிவுபடுத்தும் பேச்சு, மிரட்டல், ஒரு மாணவனைக் குறிவைத்துத் திட்டுவது, களத்துக்குள் இறங்குவது ஆகியவை வேறு வகை. அப்போது பந்து ஆட்டத்தில் இல்லாத நேரம் பார்த்து நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார். நிர்வாகியை அழைத்து, எந்த வரிசையில் யார், என்ன சொன்னார் என்று தணிந்த குரலில் தெரிவிக்கிறார். எச்சரிப்பதும் வெளியேற்றுவதும் நிர்வாகியின் கையில். வெளியேற்றம் முடியும்வரை ஆட்டம் தொடங்காது. நடுவர் தாமாகப் பார்வையாளர் வரிசைக்கு ஏறிப் போவதில்லை. பதிலுக்கு ஒரு சொல்லும் பேசுவதில்லை. பதில் பேசிய கணத்தில் அவர் நடுவர் என்ற நிலையிலிருந்து இறங்கி, சண்டையில் ஒரு கட்சியாகிவிடுகிறார். ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் சேர்ந்தே உடைமாற்றும் அறைக்குப் போகிறார்கள். தேவையானால் வாகனம்வரை துணை அனுப்பப்படுகிறது. பிறகு நடந்ததை எழுத்தில் மாநிலச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்த ஏற்பாடு பள்ளி நிர்வாகம் தன் பங்கைச் செய்யும்போது மட்டுமே வேலை செய்கிறது. உள்ளூர்ப் பெரிய மனிதரையோ, பள்ளிக்கு நன்கொடை தருபவரையோ வெளியே போகச் சொல்ல நிர்வாகி தயங்கினால் முழுச் சுமையும் விசில் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. மைதானம் பெரிதாகும்போது இது இன்னும் கடினம். 1962 நவம்பர் 22 அன்று வாஷிங்டன் நகரின் டி.சி. ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்தில் பள்ளிகளுக்கான நகர இறுதி ஆட்டத்தைக் காண 50,000 பேர் திரண்டனர். செயின்ட் ஜான்ஸ் அணி 20-7 என்று வென்றதும் மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். அதன் பின்னணியில் நகரின் இனப் பிளவு இருந்தது. ஆண்டுதோறும் நடந்துவந்த அந்தப் போட்டி அதோடு கைவிடப்பட்டது.

1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம் இன்னொரு வகையில் நிலைமையை மாற்றியது. கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்த அந்தச் சட்டத்துக்கு முன்பு, பள்ளி விளையாட்டில் பெண்களின் எண்ணிக்கை 3 லட்சத்துக்கும் குறைவு. 1977-78-இல் அது 20 லட்சத்தைத் தாண்டியது. ஆட்டங்கள் பெருகின, நடுவர்களின் தேவையும் பெருகியது. 1980-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த பாரி மேனோ விளையாட்டு நடுவர்களுக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். காப்பீடு, சட்ட உதவி, நடுவரைத் தாக்குவோரைத் தண்டிக்கும் சட்டம் ஆகியவற்றுக்காக அது தொடர்ந்து வாதாடிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று அத்தகைய சட்டங்கள் இருக்கின்றன.

பழைய கூட்டத்தில் ஊர் கத்தியது. 1990களுக்குப் பிறகு பெற்றோர் கத்தத் தொடங்கினார்கள். தனியார் கிளப் பயிற்சி, வெளியூர்ப் போட்டி, கல்லூரி உதவித்தொகைக் கனவு என்று பிள்ளையின் விளையாட்டில் ஒரு குடும்பம் பெரும் பணத்தைக் கொட்டும்போது, ஒரு ஃபவுல் அழைப்புகூடப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பறிப்பதாகத் தோன்றுகிறது. ஒஹாயோ மாநிலத்தில் சிறுமியர் கால்பந்து லீக் ஒன்று 1999-இல் ‘மௌன ஞாயிறு’ என்று ஒரு நாளைக் குறித்து, எல்லைக் கோட்டருகே பெற்றோர் வாய் திறக்கக்கூடாது என்றது. ஃபுளோரிடாவின் ஜூபிடர் பகுதியில் இயங்கும் விளையாட்டுச் சங்கம் 2000-இல், நடத்தை பற்றிய காணொளியைப் பார்த்து உறுதிமொழியில் கையெழுத்திடாத பெற்றோரின் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ரெடிங் நகரில், சிறுவர்களின் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியைத் தொடர்ந்து எழுந்த சண்டையில் ஒரு தந்தை இன்னொரு தந்தையை அடித்துக் கொன்றார். 2013-இல் யூட்டா மாநிலத்தில் பதின்வயதினர் கால்பந்து ஆட்டம் ஒன்றில் மஞ்சள் அட்டை காட்டிய நடுவர், அட்டை வாங்கிய 17 வயது ஆட்டக்காரர் விட்ட ஒரே குத்தில் வீழ்ந்து, சில நாட்களில் இறந்தார்.

நடுவர்கள் சங்கம் 2017-இல் நடத்திய ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தனர். நடுவராக இருப்பதால் தம் பாதுகாப்பு குறித்து அஞ்ச நேர்ந்ததாக ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். விலகும் நடுவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் பெரியவர்களின் நடத்தையையே முதற்காரணமாகக் கூறுவதாகவும், இளம் நடுவர்களில் 80 சதவீதத்தினர் இரண்டே ஆண்டுகளில் விசிலைக் கழற்றி வைத்துவிடுவதாகவும் தேசியக் கூட்டமைப்பு 2019 ஜனவரியில் பெற்றோருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் தெரிவித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருந்த பலர் திரும்பி வரவே இல்லை. 2018-19-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சுமார் 50,000 நடுவர்கள் பணியை விட்டதாகக் கூட்டமைப்பு கணக்கிட்டது. இதன் விளைவு ஆட்ட அட்டவணையில் தெரிகிறது. வெள்ளிக்கிழமை இரவுக்கே உரியவையாக இருந்த ஆட்டங்கள் வியாழனுக்கும் சனிக்கும் நகர்த்தப்படுகின்றன. முதன்மை அணிகளுக்கு நடுவரை ஒதுக்கிய பிறகு ஆள் மிஞ்சாவிட்டால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டமும் இளையோர் அணியின் ஆட்டமும் முதலில் ரத்தாகின்றன.