பனங்கள்ளை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் சொந்தங்கள், அங்கே சிறு சிறு ஆலைகளில் வடிக்கும் ஊர்ப் பியர்களின் சுவையைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார்கள். கேட்டு முடிந்ததும் நான் அவர்களைத் தவறணைக்குக் கூட்டிப் போவேன். என் அப்பா சீவல் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லக் கூசிய காலம் ஒன்று எனக்கு இருந்தது. தொழிலைச் சாதியோடு சேர்த்துக் கேவலமாகப் பேசிய ஊர் அது. இப்போது அப்பாவிடம் கேட்டறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஆண்பனையில் பாளையையும் பெண்பனையில் இளங்குலையையும் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டி கட்டுவார்கள். காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது. அது கருப்பநீர், பனங்கட்டி காய்ச்சுவதற்கு. பூசாவிட்டால் காற்றிலும் முட்டியின் மண்டியிலும் உள்ள மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். பியருக்கு முளைத்த தானியத்தை ஊறவைத்து, காய்ச்சி, மதுவம் சேர்க்க வேண்டும். கள்ளு மரத்திலிருந்து இறங்கும்போதே பாதி ஆயத்தம்.

அதனால் நேரம்தான் முக்கியம். காலையில் இறக்கிய உடன் கள்ளில் இனிப்பு முன்னுக்கு நிற்கும். மதியமளவில் இனிப்பும் புளிப்பும் சமமாகி, நுரை நாக்கில் குத்தும். எனக்குப் பிடித்தது அந்த நேரம். பின்னேரம் புளிப்பும் வெறியும் ஏறும். மறுநாள் அது வினாகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். தவறணைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, எப்போது இறக்கியது என்பதை.

பிளாவில் வாங்கினால் நல்லது. ஓலை மணமும் சேரும். நல்ல கள்ளு அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் கலங்கலாக இருக்கும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பழுத்த பழமும் புளித்த மாவும் கலந்த மணம். விழுங்கிய பிறகும் இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றால், யாரோ சீனி போட்டிருக்கிறார் என்று அப்பா சொல்வார். தென்னங்கள்ளு இதைவிட மெதுவானது, மணமும் குறைவு. குடிக்காதவர்களும் கள்ளின் சுவையை அறிவார்கள். அப்பமாவைப் புளிக்க வைக்க அம்மா கேட்டு வாங்குவது அரைக் கிளாஸ் கள்ளுத்தானே.

1995 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா எடுத்து வந்தவற்றில் பாளைக்கத்தியும் ஒன்று. வன்னியில் யாருடையவோ பனைகளில் ஏறித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். திரும்பி வந்தபோது எங்கள் காணியில் நின்ற பனைகளில் பல இல்லை. சில பங்கருக்குக் குற்றியாகப் போயிருந்தன. சில செல்லடிபட்டு வட்டில்லாமல் மொட்டையாக நின்றன. ஒரு பனை பாளை விட 15, 20 வருடம் ஆகலாம். 2009 க்குப் பிறகு விதைத்தவை இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன. ஏறத்தான் ஆள் இல்லை. விழுந்தால் முதுகெலும்போடு போகும் தொழிலுக்குத் தன் பிள்ளையை அனுப்பப் பெற்றவர் எவரும் விரும்பமாட்டார். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குடி எத்தனை வீடுகளைத் தின்றது என்பது எனக்கும் தெரியும். இழப்பை மறக்கக் கசிப்பில் விழுந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் உண்டு. கள்ளு வெறியில்லாதது என்று நான் சொல்லவில்லை. மறக்கக் குடிப்பவனுக்குச் சுவை தேவையில்லை. சுவைக்க வந்தவருக்கு ஒரு பிளா போதும். கூடவே ஒரு துண்டு பொரித்த மீனோ அவித்த மரவள்ளிக்கிழங்கோ இருக்கட்டும்.

அப்பா இப்போது மரம் ஏறுவதில்லை. நான் வாங்கி வரும் கள்ளில் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பெண்பனை, விடியப்புறம் இறக்கினது" என்பார். தவறணையில் விசாரித்துப் பார்த்தேன். மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாகத்தான் இருந்தது.