மின்னஞ்சல் முகவரியைப் பிரிக்கும் நிரல்: தமிழ் முகவரி எங்கே இடறுகிறது?

தேக்காவில் கடை வைத்திருப்பவர் ‘வணிகம்@உதாரணம்.சிங்கப்பூர்’ என முழுக்கத் தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள இணைய விதிகளில் இடமுண்டு. ‘.சிங்கப்பூர்’ என்ற மேல்நிலைக் களப்பெயர் 2011 முதல் இருக்கிறது. @ குறிக்கு முன்னாலும் தமிழ் வரலாம் என்பதற்கான விதிகள் 2012ல் வெளிவந்தன. ஜிமெயில் 2014லேயே அத்தகைய முகவரிகளுக்கு வழிவிட்டது. ஆனாலும் இணையப் படிவத்தில் அதை நிரப்பினால் “தவறான முகவரி” என்ற சிவப்பு எழுத்து வர வாய்ப்பு அதிகம். பிழை பெரும்பாலும் படிவத்துக்குப் பின்னால் இருக்கும் சில வரி நிரலில்தான்.

பிறர் எழுதிய நிரல் தொகுப்பை நாடாமல் அந்த வரிகளைச் சொந்தமாக எழுதலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

முதலில் @ குறியைத் தேட வேண்டும், அதுவும் வலக்கோடியிலிருந்து. மேற்கோள் குறிகளுக்குள் அடங்கிய பயனர் பெயரில் இன்னொரு @ இருக்க விதி இடம் தருகிறது. இடமிருந்து தேடும் நிரல் அங்கே தவறாக வெட்டிவிடும்.

வெட்டிய பிறகு, இடப்பகுதி 64 பைட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேற்கோள் குறி இல்லாதபோது புள்ளியில் தொடங்கவோ முடியவோ கூடாது. இரு புள்ளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது. கூட்டல் குறி, ஒற்றை மேற்கோள், சாய்கோடு எல்லாம் செல்லும். ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ எனச் சிங்கப்பூர்த் தமிழர் பலரது அடையாள அட்டையில் இருக்கும் அதே சாய்கோடுதான். விதி ஏற்கும் அதைப் படிவங்கள் ஏற்பது அரிது. வலப்பகுதியைப் புள்ளிகளில் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் 1 முதல் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும். துண்டின் முதலிலோ கடைசியிலோ இணைகோடு கூடாது.

தமிழ் வரும்போதுதான் சிக்கல். ‘சிங்கப்பூர்’ என்பது படிப்பவருக்கு 6 எழுத்து. யூனிகோட் கணக்கில் 11 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 33 பைட். ஆக, 64 பைட் வரம்பில் தமிழ்க் குறியீடுகள் 21 மட்டுமே அடங்கும். நீளத்தை எழுத்தில் எண்ணும் நிரல் ஏமாந்துபோகும்.

இன்னொரு பொறி, “எழுத்து மட்டும்தானா?” என்று கேட்கும் சோதனை. பைத்தான் மொழியின் எழுத்துச் சோதனை ‘பல’ என்ற சொல்லை ஏற்கும். ‘பல்’ என்றால் மறுக்கும். புள்ளியையும் துணைக்கால், கொம்பு போன்றவற்றையும் யூனிகோட் எழுத்தாக அல்லாமல் ஒட்டுக்குறியாக வகைப்படுத்தியிருப்பதே காரணம். புள்ளி வைத்ததும் பல் உடைகிறது! தமிழுக்குச் சோதனையைத் தளர்த்தி, ஒட்டுக்குறிகளையும் அனுமதிக்க வேண்டும்.

‘பொ’ என்பதில் வரும் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட முடியும். திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டுகள் வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோட்டின் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றாவிட்டால், ‘பொங்கல்’ எனப் பதிந்தவர் மறுநாள் உள்நுழைய முடியாமல் போகலாம்.

களப்பெயரை மட்டும் ‘பியூனிகோட்’ முறையில் ஆங்கில எழுத்து வடிவுக்கு மாற்றலாம். ‘சிங்கப்பூர்’ அதில் 22 எழுத்துருக்கள் கொண்ட சரமாகிறது. இடப்பகுதியை அப்படி மாற்றக்கூடாது. பலர் செய்யும் தவறு இது.

இந்தப் பாதை தொடங்கிய ஊர்களில் சிங்கப்பூரும் ஒன்று. எழுத்தாளர் நா.கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ உள்ளிட்டோருடன் சேர்ந்து 1995ல் தமிழை இணையத்தில் ஏற்றினார். பிறமொழிக் களப்பெயர்களுக்கான ஆய்வை டான் டின் வீயின் குழு 1998ல் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

எத்தனை சோதனை வைத்தாலும், முகவரிக்கு உரியவர் இருக்கிறாரா என்பதை நிரல் கண்டுபிடிக்காது. அதற்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும். அதனால் @ குறி, நீளம், புள்ளிகள் ஆகியவற்றைச் சரிபார்த்ததோடு நிரல் நின்றுகொள்ளலாம்.