மண் ஈரமும் மின் அளவீடும்: கையடக்க உணரிகளின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

கையடக்க மின்னணு உணரி எதுவும் மண்ணிலுள்ள நீரை நேரடியாக அளப்பதில்லை. நீரின் அளவுக்கேற்ப மாறும் ஒரு மின்பண்பை அளந்து, அதனை ஈரப்பத விழுக்காடாக மாற்றிக் காட்டுகிறது. இக்கருவிகளின் வரலாற்றை விரைவு, எளிமை, விலைக்குறைவு ஆகியவற்றின் வரலாறாக மட்டும் காண்பது போதாது. அம்மாற்றம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்னும் வினாவின் வரலாறாகவும் அது அமைகிறது.

அமெரிக்க வேளாண் துறையின் மண் பிரிவைச் சேர்ந்த மில்டன் விட்னியும் உடன் ஆய்வாளர்களும் 1897இல் மண்ணின் மின்தடையைக் கொண்டு ஈரத்தை அறியும் முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில் அப்பிரிவு மண்ணின் வெப்பநிலையையும் கரையும் உப்பின் அளவையும் மின்முறையால் அறியும் வழிகளையும் தனித்தனி வெளியீடுகளாகத் தந்தது. இம்முறையின் இடர்ப்பாடு இங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஈரம், உப்பு, வெப்பம் ஆகிய மூன்றும் மின்தடையை மாற்றுமாயின், கருவி காட்டும் மாற்றம் எதனால் நேர்ந்தது?

பூயூக்கோஸ், மிக் ஆகியோர் 1940இல் மிச்சிகனில் அறிமுகப்படுத்திய ஜிப்சம் கட்டி, தன்னுள் கரையும் ஜிப்சத்தால் மண் உப்பின் தாக்கத்தை ஓரளவு மட்டுப்படுத்தியது; ஆயினும் அக்கட்டியே காலப்போக்கில் கரைந்தழிந்தது. 1950களில் பரவிய நியூட்ரான் முறை உப்பைப் பொருட்படுத்தவில்லை. எனினும் கதிரியக்க மூலத்தைச் சுமந்து வயலுக்குச் செல்வது எளிதன்று.

திருப்பம் 1980இல் நிகழ்ந்தது. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80; மண் கனிமங்களுக்கு 3 முதல் 5 வரை; காற்றுக்கு 1. இப்பெரும் வேறுபாட்டைப் பயன்கொண்டு, கனடாவைச் சேர்ந்த டாப், டேவிஸ், அன்னான் ஆகியோர் மின்காந்தத் துடிப்பு மண்ணில் செல்லும் நேரத்திலிருந்து ஈரத்தைக் கணிக்கும் ஒரே சமன்பாட்டை வகுத்தனர். அது மணற்பாங்கான மண் முதல் களிமண் வரை அவர்கள் ஆராய்ந்த கனிம மண்களுக்குப் பொருந்தியது. கரிமப் பொருள் மிக்க மண்ணோ விலகி நின்றது. அவ்விலகலை அவர்களே பதிவு செய்தனர். பின்வந்தோர் பலர் சமன்பாட்டை எடுத்துக்கொண்ட அளவுக்கு இவ்வரம்பை எடுத்துக்கொள்ளவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

நானோவினாடி அளவிலான காலத்தை அளக்கும் கருவி விலைமிக்கது. எனவே மலிவான கையடக்க உணரிகள் பலவும் குறைந்த அதிர்வெண்ணில் மின்தேக்குத்திறனை அளக்கும் வழியை மேற்கொண்டன. அதிர்வெண் குறையக் குறைய உப்பு, வெப்பநிலை, களிமண் ஆகியவற்றின் தாக்கம் மிகுகிறது. 1897இன் இடர்ப்பாடு புதிய வடிவில் திரும்புகிறது. காய்ந்து வெடிக்கும் கரிசல் மண்ணில், உணரியின் முட்களுக்கும் மண்ணுக்கும் இடையே புகும் காற்றும் அளவீட்டைக் குறைத்துக் காட்டும்.

இச்சூழலில் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டும் கருவி கவனத்திற்குரியது. விழுக்காட்டுக்கு மாறாக நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கு விளக்குகளால் ஈரநிலையை அது உணர்த்துகிறது. பாசனம் தேவையா என்னும் உழவரின் வினாவுக்கு இவ்விடை போதும். விழுக்காடு தேவைப்படும் ஆய்வாளரோ, அந்தந்த வயலின் மண்ணை 105 பாகை செல்சியசில் உலர்த்தி எடையிட்டு, அதனோடு தம் உணரியை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியவராகவே இன்றும் இருக்கிறார்.