நகலின் உரிமை: அருங்காட்சியகப் படங்களின் நூற்றைம்பது ஆண்டு வழக்கு

1867ஆம் ஆண்டு பாரிசில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பிய அரச குடும்பங்களைச் சேர்ந்த இளவரசர்கள் பலர் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஒவ்வொரு நாட்டிலும் உள்ள சிறந்த கலைப்படைப்புகளை வார்ப்பாகவும் ஒளிப்படமாகவும் நகலெடுத்து, எல்லா நாட்டு அருங்காட்சியகங்களும் தம்முள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதனை முன்னின்று நடத்தியவர் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை (இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்) உருவாக்கிய ஹென்றி கோல். ஈராண்டுகளுக்குப் பின், 1869இல், அவருடைய மகன் ஹென்றி ஹார்டி கோல் சாஞ்சிப் பெருந்தூபியின் கிழக்குத் தோரண வாயிலைப் பகுதி பகுதியாக அச்செடுக்கத் தொடங்கினார். அந்த வார்ப்பு லண்டனில் நிறுவப்பட்டது. வேறு படிகள் பிற ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றன. பெர்லினில் ஹம்போல்ட் ஃபோரத்துக்கு வெளியே இன்று நிற்கும் கல் தோரணம் அந்த வார்ப்பின் வழிவந்ததே. நகல் எல்லோருக்கும் உரியது என்ற கொள்கை இவ்வாறு அருங்காட்சியகத்துக்குள்ளிருந்தே பிறந்தது. ‘எல்லோரும்’ என்ற சொல்லின் எல்லை ஐரோப்பாவுக்குள் அடங்கியிருந்தது என்பது வேறு செய்தி.

அதே 1869இல் இங்கிலாந்து நீதிமன்றம் இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஹென்றி கிரேவ்ஸ் என்னும் அச்சோவிய வணிகரின் படங்களை மற்றொருவர் நகலெடுத்து விற்றார். ஓர் அச்சோவியத்தைப் பார்த்து எடுத்த ஒளிப்படம் சுயமான படைப்பாகுமா என்பது அவ்வழக்கில் எழுந்த கேள்விகளுள் ஒன்று. ஆகும் என்றது நீதிமன்றம். மூலப்படைப்பு எவ்வளவு பழையதாயினும், அதைப் படமெடுத்தவருக்குப் புதிய பதிப்புரிமை பிறக்கும் என்ற வாதம் இதன்மேல் எழுந்தது. பல அருங்காட்சியகங்கள் படக்கட்டணம் வசூலித்ததும் இந்த நம்பிக்கையின்மீதே.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது 1999ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கு. பிரிட்ஜ்மன் கலை நூலகம் அருங்காட்சியக ஓவியங்களின் வண்ணப்படங்களை உரிமக் கட்டணத்துக்கு வழங்கிவந்த நிறுவனம். தன் படங்கள் கோரல் என்னும் கனடிய நிறுவனத்தின் குறுந்தகட்டில் இடம்பெற்றன என்பது அதன் குற்றச்சாட்டு. நீதிபதி லூயிஸ் காப்லான் ஏற்கவில்லை. ஒரு தட்டையான ஓவியத்தைச் சிறிதும் மாறாமல் படமெடுப்பதற்குத் திறன் வேண்டும், உழைப்பும் வேண்டும்; ஆயினும் அங்கே சுயத்தன்மைக்கு இடமில்லை என்றார். அச்சு அசலாக இருப்பதுதான் அந்தப் படத்தின் பெருமை. அப்பெருமையே அதன் உரிமையைப் பறித்தது என்பது இத்தீர்ப்பின் நயம்.

தீர்ப்பு அமெரிக்காவுக்கு வெளியே கட்டுப்படுத்தாது. 2009இல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்தெளிவுப் படங்கள் விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றப்பட்டபோது, அருங்காட்சியகம் ஆங்கிலச் சட்டத்தைக் காட்டி வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. பூசல் நீதிமன்றம் ஏறவில்லை. கேள்வி மட்டும் தொங்கி நின்றது.

கதவு திறந்ததற்குச் சட்டத்தைவிட நடைமுறை அறிவே பெருங்காரணம் எனலாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் புகழ்பெற்ற உடைமை வெர்மீர் வரைந்த பால்காரி ஓவியம். அதன் மஞ்சளேறிய மட்டமான நகல்கள் இணையத்தில் பல்லாயிரக்கணக்கில் பரவியிருந்தன. அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையின் உண்மை நிறத்தைக் கண்ட பார்வையாளர்கள் அதைப் போலி என்று கருதும் அளவுக்கு நிலைமை முற்றியது. கெட்ட நகலை ஒழிக்க வழி நல்ல நகலை இலவசமாக வெளியிடுவதே என்று நிர்வாகம் உணர்ந்தது. 2012 அக்டோபரில் 1,25,000 படங்களுடன் ‘ரைக்ஸ்ஸ்டூடியோ’ தொடங்கியது. படம் விற்று வந்த வருவாயும் பெரிதாக இழப்பதற்குரியதன்று. படச்சேவையின் செலவை முழுமையாக மீட்கும் அருங்காட்சியகம் அரிதினும் அரிது என்று சைமன் டானர் அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2004இலேயே காட்டியிருந்தார்.

அதன்பின் வேகம் கூடியது. 2017 பிப்ரவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 3,75,000 படங்களை ‘சிசி சுழியம்’ என்னும் உரிமைத்துறப்பின்கீழ் வெளியிட்டது. 2020இல் ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களை அளித்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் நகலுக்குப் புதிய உரிமை பிறவாது என ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதித்தது. 2023இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் சுயத்தன்மையின் அளவுகோலை அதே போக்கில் தெளிவாக்கியது. அவ்வழக்கு பங்குவணிக மென்பொருளின் வரைபடங்களைப் பற்றியது என்பதும், அதன் அடி அருங்காட்சியகங்கள்மேல் விழுந்தது என்பதும் சட்ட வரலாற்றின் வேடிக்கை.

இந்தியக் கலை பயில்வோர் இந்த வெற்றி வரலாற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளல் ஆகாது. மேற்கண்ட விதிகளின் முழுப்பயனைப் பெறுவது தட்டையான ஓவியம். சிற்பத்தின் நிலை வேறு. ஒரு செப்புத்திருமேனியைப் படமெடுப்பவர் கோணத்தைத் தேர்கிறார், ஒளியை அமைக்கிறார், நிழலை விடுகிறார். அத்தேர்வில் சுயத்தன்மை உண்டு. ஆகவே உரிமையும் உண்டு. இந்திய மரபின் பெரும்பகுதி கல்லிலும் செம்பிலும் இருக்க, வெர்மீருக்குக் கிடைத்த விடுதலை சோழர் திருமேனிக்குத் தானாகக் கிடைப்பதில்லை. படத்தின் உரிமையை வைத்திருப்பவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. திறந்த உரிமம் என்பதற்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுவே. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள 10ஆம் நூற்றாண்டுச் சோழர்காலப் பார்வதியின் படத்தை எவரும் ஆய்வேட்டிலும் விலைநூலிலும் இடலாம் என்றால், அந்நிறுவனம் தன் ஒளிப்படக்காரரின் படத்துக்குரிய உரிமையைத் துறந்ததே காரணம்.

அமராவதியின் நிலை அவ்வாறன்று. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்த சுண்ணக்கற் சிற்பங்கள் சென்னைக்கு வந்து, 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. அவற்றின் படங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகம் வணிகமல்லாப் பயன்பாட்டுக்கு மட்டும் இசைவு தரும் உரிமத்தில் வெளியிடுகிறது. விலைக்கு விற்கும் நூலில் சேர்க்கத் தனி இசைவு வேண்டும். விக்கிமீடியா பொதுவகமும் இவ்வகை உரிமத்தை ஏற்பதில்லை. அதே தூபியின் எஞ்சிய பலகைகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தியச் சட்டப்படி அரசு வெளியிடும் படத்துக்கு 60 ஆண்டுப் பதிப்புரிமை உண்டு. உரிமம் எதுவும் குறிக்கப்படாத படம் முழு உரிமையும் காக்கப்பட்ட படமாகவே கொள்ளப்படும். பிரிந்துபோன ஒரு தூபியைத் தாளிலேனும் ஒன்றுசேர்க்க விழையும் மாணவர் இரண்டு நகரங்களின் இரண்டு விதிகளுக்கும் பணிய வேண்டியவராகிறார்.

ஒரு வழி மட்டும் தடையின்றித் திறந்திருக்கிறது. அந்தச் சிற்பங்கள் கப்பலேறுமுன், 1858இல், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் அவற்றைச் சென்னையிலேயே படமெடுத்தார். அவருடைய படங்களின் பதிப்புரிமை என்றோ முடிந்துவிட்டது. அவை தட்டையான தாளில் இருப்பதால், இன்று வருடியெடுக்கும் நகலுக்கும் லண்டனில் புதிய பதிப்புரிமை கோருவது கடினம்.