இரட்டைச் செயலியும் எழும்பாத கெர்னலும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வரும்போதெல்லாம் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை கணினி வரலாறு என்றதும் மலர்க்குழு நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். ஆரணி அரிசியை வாசி மார்க்கெட்டில் விற்கிற ஒரு நயினாருக்கு இந்த வேலை எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

2005 மார்ச் கடைசி வாரம், கணக்கு முடிக்கிற நேரம். லேமிங்டன் ரோட்டில் பழைய விலைக்கு வாங்கிய ஒரு பெட்டி என்னிடம் இருந்தது. அதில் இரண்டு பென்டியம் 3 செயலிகள், ஓடியது லினக்ஸ். மூன்று வருடப் பேரேடும், உறவினர் வீட்டு ஏடுகளைப் பார்த்து நான் தட்டச்சு செய்த படிகளும் அதற்குள்தான். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது என் முட்டாள்தனம். ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யிலிருந்து புதிய 2.6 கெர்னலைப் பழையதன் மேலேயே போட்டேன். அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். மறுபடி இயக்கினால் திரையில் நாற்பது ஐம்பது வரி ஓடி, அப்படியே நின்றுவிட்டது.

விற்றவரிடம் கொண்டுபோனேன். "சேட், போர்டு போயிடுச்சு. புதுசா வாங்கிடுங்க" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டடத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நம் தமிழ்ப் பையன் ஒருவன்தான் சரியான கேள்வி கேட்டான்.

"மாமா, கடைசி வரி என்னன்னு பாத்தீங்களா?"

"எழுதியே வெச்சிருக்கேன்பா."

ஏடு படி எடுக்கிறவன் புரியாத எழுத்தையும் விடமாட்டான், இருந்தது இருந்தபடி எழுதிக்கொள்வான். அந்தப் பழக்கம் உதவியது. 'ஐ.ஓ. ஏபிக் வழியாகக் கடிகாரம் வேலை செய்யவில்லை. நோஏபிக் என்று கொடுத்துப் பார்' என்பது அந்த வரியின் பொருள். ஒரு கடிகாரத்துக்காக முழு இயந்திரமும் ஏன் நிற்க வேண்டும்? இதைத் தேடப்போய்த்தான் கீழே எழுதியிருப்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஒரே நினைவகத்தோடு கட்டுவது பழைய யோசனை. 1962-இலேயே பரோஸ் நிறுவனத்தின் டி825 நான்கு செயலிகள் வரை ஏற்றது. 1970-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 16 பி.டி.பி.-11 கணினிகளை ஒன்றாகப் பிணைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிளும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு வாக்ஸ்-11/780 கணினிகளை இணைத்து யூனிக்ஸை ஓட்டினார்கள். அங்கே ஒன்று எஜமான், மற்றது ஏவலாள். வட்டு, முனையம், கெர்னல் வேலை எல்லாம் எஜமானுக்கு. கணக்குப் போடுவது மட்டும் ஏவலாளுக்கு. கல்லாவில் முதலாளி, குடோனில் ஆள் என்கிற நம் கடை ஏற்பாடுதான். முதலாளிக்கு மூச்சு முட்டும்போது ஆள் சும்மா நிற்பான், அதுவும் நம் கடை போலவே.

இரட்டைச் செயலி சாதாரணக் கடைக்கும் வந்ததற்கு இன்டெல் 1994-இல் வெளியிட்ட பல்செயலி விதிநூல் பெரிய காரணம். அதன்படி பலகை செய்கிறவர், எத்தனை செயலிகள், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஓர் அட்டவணை எழுதி பயாஸில் வைக்க வேண்டும். கெர்னல் எழுந்ததும், குறிப்பிட்ட சில இடங்களில் ஒரு நான்கெழுத்து முத்திரையைத் தேடி, அதைப் பிடித்துக்கொண்டு அட்டவணைக்குப் போகும்.

மின்சாரம் வந்ததும் ஒரு செயலி மட்டும் தலைமை ஏற்கிறது. மற்றவை காத்துக் கிடக்கின்றன. தலைமைச் செயலி முதலில் ஒரு மீட்டமைப்புச் செய்தி அனுப்பி, 10 மில்லிசெகண்ட் பொறுத்து, 'எழுந்திரு' என்று ஒரு செய்தி அனுப்பும். 200 மைக்ரோசெகண்ட் கழித்து இன்னொரு தடவை. எழுகிற செயலி 1978-இல் வந்த 8086-இன் பழைய 16 பிட் முறையிலேயே கண் விழிக்கும். முதல் ஒரு மெகாபைட்டுக்குள் அதற்கென்று வைத்த சிறு நிரலில் கால் வைத்து, அங்கிருந்துதான் இக்காலத்துக்குத் தாவ வேண்டும். அந்தச் சிறு நிரலுக்கு டிராம்போலின் என்றே பெயர்.

லினக்ஸுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆலன் காக்ஸ். கால்டெரா நிறுவனம் கொடுத்த இரட்டைப் பென்டியம் பலகையில் 1995-இல் வேலை செய்தார். 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பில் அது சேர்ந்தது. கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. ஒரு செயலி உள்ளே இருந்தால் அடுத்தது வாசலில் நிற்க வேண்டும். அந்தப் பெரிய பூட்டைச் சிறிது சிறிதாக உடைத்து முற்றிலும் நீக்க 2011 ஆகிவிட்டது.

என் பெட்டி நின்ற இடம் பூட்டு அல்ல, கம்பி. விசைப்பலகை, வட்டு, கடிகாரம் ஆகியவை செயலியின் கவனத்தைக் கோருவதைக் குறுக்கீடு என்பார்கள். பழைய கணினியில் இதை 8259 என்ற சில்லு பார்த்துக்கொண்டது. அதற்கு ஒரே ஒரு செயலியைத்தான் தெரியும். பல செயலிகளுக்குப் பங்கிட வந்ததே ஐ.ஓ. ஏபிக். கடிகாரக் கம்பியைப் பலகைக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக இணைத்தார்கள். சிலர் ஐ.ஓ. ஏபிக்கின் இரண்டாம் எண் முனையில் நேராகச் சேர்த்தார்கள். சிலர் பழைய 8259 வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து பூஜ்ய முனையில் சேர்த்தார்கள். அட்டவணையில் ஒன்றும் பலகையில் வேறொன்றும் இருந்தால் துடிப்பு வராது. துடிப்பு வராவிட்டால் கெர்னலுக்கு நேரம் நகராது.

இங்கேதான் இங்கோ மோல்னாரின் வேலையை மெச்ச வேண்டும். அந்தப் பகுதி நிரல் அட்டவணையை நம்பி உட்காரவில்லை. பத்துத் துடிப்பு வரவேண்டிய நேரம் காத்திருந்து, எண்ணிக்கை நான்கைத் தாண்டியதா என்று பார்க்கிறது. தாண்டாவிட்டால் 8259 வழியாக முயல்கிறது; அதுவும் இல்லையென்றால் இன்னும் இரண்டு வழிகளைப் பார்க்கிறது. எல்லாம் தோற்றால்தான் கையை விரிக்கிறது. பழைய பதிப்புகளில் அந்தக் கடைசி வரியிலேயே தன் முகவரியைப் போட்டு 'என்னை வந்து நச்சரியுங்கள்' என்று எழுதியிருந்தார் மோல்னார். நம் வியாபாரிகளில் எத்தனை பேர் மூட்டைமேல் இப்படி எழுதுவோம்?

பையன் சொன்னபடி துவக்க வரியில் நோஏபிக் சேர்த்தேன். எழுந்துவிட்டது! முதல் காரியமாகப் பேரேட்டையும் ஏட்டுப் படிகளையும் இரண்டு சி.டி.யில் எழுதினேன். பிறகுதான் சாப்பாடு.

ஆனால் பையனுக்குத் திருப்தி இல்லை. குறுக்கீட்டுப் பட்டியலைத் திறந்து காட்டினான். இரண்டு செயலிகளும் விழித்திருந்தன. ஆனால் வட்டு, நெட்வொர்க் எல்லாம் முதல் செயலியின் தலையிலேயே. "இது மருந்து இல்ல மாமா, வலி நிவாரணி" என்றான். பர்டூ எஜமானும் ஏவலாளும் என் கடைக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

என் பலகையில் அட்டவணைகள் இரண்டு. ஒன்று பழைய இன்டெல் விதிப்படி எழுதியது. மற்றது 1996 டிசம்பரில் வந்த ஏ.சி.பி.ஐ. விதிப்படி எழுதியது. நான் போட்ட புதுக் கெர்னல் இரண்டாவதைப் படித்தது. அதில் கடிகார முனை தவறு. இது என் பெட்டிக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஒற்றைச் செயலிக்கான என்ஃபோர்ஸ் 2 பலகைகள் சிலவற்றில் இதே கடிகாரத் தவறு இருந்ததால், அந்த ஒரு பதிவை மட்டும் ஒதுக்கிவிடுவதற்கென்றே கெர்னலில் தனிக் கட்டளை சேர்த்தார்கள். ஒரே நூலுக்கு இரண்டு ஏடு கிடைத்து, பின்னால் எழுதியதில் பிழை மிகுந்திருந்தால் என்ன செய்வோம்? பழைய ஏட்டின் பாடத்தைக் கொள்வோம். நோஏபிக்கை எடுத்துவிட்டு, ஏ.சி.பி.ஐ. வேண்டாம் என்று வரியை மாற்றினோம். கெர்னல் பழைய அட்டவணைக்குப் போனது. கடிகாரம் துடித்தது, ஐ.ஓ. ஏபிக்கும் வேலைக்கு வந்தது.

ஒரே குறை, ஏ.சி.பி.ஐ. இல்லாததால் நிறுத்தச் சொன்னாலும் பெட்டி தானாக அணையாது. ராத்திரி கடை சாத்தும்போது நானே கையால் சுவிட்சை அணைப்பேன். புதுப் பையன்கள் யாராவது பயந்துவிடக் கூடாதே என்று, துவக்க வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தேன். 2011-இல் அதை எடைக்குப் போட்டபோதும் அந்தச் சீட்டு அப்படியேதான் இருந்தது.